கேட்காமல்

சட்டம் மூன்று இல்லாமைகளைக் கேட்கிறது:
பலவந்தம் இல்லாமல்,
ஒளிவு இல்லாமல்,
அனுமதி இல்லாமல்
இருபது ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும்.
நடந்திருந்தால் கே மெலின் எங்களுக்கு.
இல்லையென்றால் அறுபத்திரண்டு வீடுகள்,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார் நிற்க இடம்.

கே மெலின் என்றால் மஞ்சள் வயல்.
வேல்ஸ் மொழி தெரியாதவர்கள்
ஏப்ரலில் வந்து முட்புதர் பூத்திருப்பதைப் பார்த்தால் போதும்.
கட்டுபவர்களின் வரைபடத்தில் அதற்குப் பெயர்
மனை நான்கு.

படிவங்களை வீடு வீடாகக் கொண்டுபோவது நான்.
முப்பது வருடம் இதே தெருக்களில் தபால் போட்டவள்.
எந்த நாய் கடிக்கும்,
எந்தக் கதவு மழையில் ஊதிக்கொள்ளும், தெரியும்.
கேள்வி ஏழு: அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்?

நெரிஸ்: பிளாக்பெர்ரி பறிப்பேன், பாதியை அங்கேயே தின்றுவிடுவேன்.
இரட்டைக் குழந்தைகளின் தகப்பன் ஓசியன்:
தூங்காதவர்களைத் தள்ளுவண்டியில், விடியற்காலை நான்கு மணிக்கு.
'ஒளிவு இல்லாமல்' என்ற இடத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான் பதினெட்டு வயது மாக்சென்.
யாரோடு என்று நான் கேட்கவில்லை.
எலினெட் ஒரே ஒரு வரி:
மருத்துவமனையில் முடிவைச் சொன்ன அன்று
பேருந்தில் ஏறாமல் இந்த வழியாக வந்தேன்.
மிச்சத்துக்கு இடம் போதவில்லை என்று
படிவத்தின் மேல் பழியைப் போட்டாள்.
பாதிப் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

ஒற்றையடிப் பாதை என்கிறோம்.
நிலக்கரி டிராம் ஓடிய பழைய தடத்தின் மேல்
எத்தனை அடி சேர்ந்து இந்த ஒற்றை அடி!
எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி.
தேய்ந்த கல்லிடம்
எறும்பின் பெயரையும் முகவரியையும்
தேதியோடு கேட்கிறது கவுன்சில்.

செவ்வாய் இரவு ஒரு பலகை முளைத்தது.
இரண்டு மொழியில், பச்சை எழுத்தில்:
'நில உரிமையாளரின் அன்பான அனுமதியோடு
நீங்கள் இங்கே நடக்கலாம். நல்வரவு.'
முள்வேலி வரும் என்று
கம்பி வெட்டும் கத்திரி வரை பேசி வைத்திருந்தோம்.
நல்வரவை எதைக்கொண்டு வெட்டுவது?

வெள்ளிக்கிழமை, சாப்பலின் பின்னறையில் கூட்டம்.
இட்வால் ப்ரொதரோ எழுந்தார்,
கையில் பழுப்பு உறை.
பதினெட்டு வருடத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்கு,
அங்கே கூடாரம் போடலாமா என்று
நிலக்காரருக்கு எழுதிக் கேட்டாராம்.
பதில் இருக்கிறது: 'தாராளமாக, இட்வால்.
பசுக்களை மட்டும் பார்த்துக்கொள்.'
கையெழுத்து. தேதி.
இந்த ஊரில் மரியாதை தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான்.
அந்த மரியாதை அறுபத்திரண்டு வீடு கட்டும்.

"அடுப்பில் போடுங்கள்" என்றது பின்வரிசை.
"அந்தக் கூடாரத்தில் விடிய விடிய ஆடினேன்" என்றாள் நெரிஸ்,
"கடிதம் எனக்குத் தெரியாது."
கேக் விற்ற காசை எண்ணிக்கொண்டிருந்த காரிஸ்
கணக்குத் தப்பி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
முப்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட
சேர்க்காமல் விட்டவள் இல்லை நான்.
இருந்தும், எரி என்ற சொல்
என் தொண்டை வரை வந்து நின்றது.

இட்வால் பேனா கேட்டார்.
கேள்வி ஏழின் கீழே எழுதினார்:
ஒரு சனிக்கிழமை கேட்டேன்.
மற்ற எல்லா நாளும் கேட்கவில்லை.
கடிதத்தையும் சேர்த்துப் பின் குத்தினார்.

நூற்றுப் பதினொரு படிவங்கள்.
விசாரணை மார்ச்சில் என்கிறார்கள்,
மே என்றும் சொல்கிறார்கள்.

இன்று பாதையில் போனேன். சேறு.
பலகைக்கு இரண்டு பக்கமும்
தடம் பிரிந்து போய்ச் சேர்ந்திருக்கிறது.
யாரோ, கீழே கிடந்த
ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறையை
அதன் மூலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
தேடி வருபவர் கண்ணில் படட்டும் என்று.
மழையில் ஊறிய கம்பளி தொங்கி
'அனுமதி'யில் பாதியை மறைத்திருந்தது.
நான் அதைத் தொடவில்லை.
இன்னொரு கைக்கானது எங்கே என்று
புதர்களைப் பார்த்துக்கொண்டே
வீடுவரை நடந்தேன்.