தோல் கணக்கு

திமிரியில் மல்லாட்டை மில்லுக்குப் பின்னால்
தகரக் கொட்டகை, அதன் வாசலில் எடைமேடை.
மேடையோரக் கூண்டில் நான்.
லாரி ஏறும்போதெல்லாம்
டம்ளரில் டீ வட்டம் வட்டமாக அதிரும்.

வண்டி நின்றதும் ஈரமானியோடு இறங்குவேன்.
முள்ளைக் குவியலுக்குள் முழங்கை வரை செருகினால்
தோல் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று
சொல்லிவிடும்.
பன்னிரண்டு வரை முழு விலை,
பதினாலு என்றால் டன்னுக்கு நூறு குறையும்.
கலவையிலிருந்து வரும் வஜ்ரவேலு
நடுவில் குடம் குடமாக ஊற்றி
மேலே காய்ந்ததைப் பரப்பிக் கொண்டுவருவார்.
பத்தொன்பது காட்டும்.
"பனிம்மா, ராத்திரி பனி" என்பார்
சித்திரை மாதத்தில்.

உள்ளே இயந்திரம்.
அரைத்த தூளை எஃகுக் குழலில் திணித்து
இடி, இடி, இடி,
என் கூண்டுக் கண்ணாடி வரை.
பசை எதுவும் சேர்ப்பதில்லை.
அழுத்திய சூட்டில் தோலுக்குள் இருப்பதே இளகி
தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும்.
இதைச் சொல்லிக்கொடுத்த ஃபிட்டர் அமானுல்லா
வேறு எதையும் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி
நான் கேட்டதில்லை.
மறுமுனையில் கருத்த கட்டைகள்
புகைந்தபடி வெளியே வரும்,
வறுத்த கடலை வாசனையோடு.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க
எனக்குப் பசித்துக்கொண்டே இருந்தது.

கட்டைகள் ராணிப்பேட்டைக்குப் போகின்றன.
தோல் ஷாப்பு பாய்லரில் எரிந்து
ஆட்டுத்தோலைப் பதமாக்குகின்றன.
ரசீதில் 'தோல்' என்று எழுதினால்
எந்தத் தோல் என்று அங்கிருந்து போன் வரும்.
கடலைத் தோல் என்று திருத்துவேன்.
நிலக்கரி வாங்குவது பாதியாகிவிட்டதாம்.
போன மாதம் பார்க்க வந்தவர்கள்
ஆளுக்கொரு கட்டையைக் குழந்தைபோல் ஏந்தி
படம் எடுத்துக்கொண்டார்கள்.
ஒருவர் மைக்கில் சொன்னார்:
"நேற்றுவரை யாருக்கும் வேண்டாத கழிவு."

யாருக்கும்.

அன்று சாயங்காலம் தேசம்மா வந்தாள்,
மடித்த கோணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
பதினோரு வருஷம் இந்த மில்லில் மல்லாட்டை புடைத்தவள்.
வாரத்துக்கு இரண்டு கோணி அள்ளிப்போவாள்,
யாரும் கேட்டதில்லை.
கேஸ் சிலிண்டர் அவள் வீட்டில் இருக்கிறது,
அதன் மேல் பழைய துண்டு போட்டு
டி.வி. ரிமோட்டை வைத்திருக்கிறாள்.
"இன்னா நீலவேணி, புதுசா பூட்டு?"
தோலுக்கு விலை வந்துடுச்சுக்கா என்றேன்.
"எவ்ளோ?"
டன் நாலாயிரத்து ஐந்நூறு.
கோணியை உதறி விரித்தாள்.
பன்னிரண்டு கிலோ பிடிக்கும்.
உதடு அசைய அசைய வகுத்தாள்.
"அம்பத்தி நாலு ரூபாயா! அப்போ இத்தினி நாளும்
நோட்டையா கொளுத்திச் சோறு ஆக்கினேன்?"
அவள் சிரித்ததில் மேடைக்கு வந்த லாரி டிரைவரும் சிரித்தான்.
எனக்கு மட்டும் வரவில்லை.

பூட்டின் சாவி முதலாளியிடம்.
ஆனால் குழல் முனையில் உடைந்து விழும் துண்டுகள்
திரும்ப அரைக்கக் காத்திருக்கும்.
அமானுல்லா பேசாமல் கோணியின் வாயைப் பிடித்தார்.
எடை போடு என்றாள் தேசம்மா,
பிச்சை வேண்டாம், கணக்கு எழுது, கூலியில் பிடித்துக்கொள்.
கோணியோடு மேடையில் ஏறி நின்றாள்.
ஐம்பது டன் தாங்கும் மேடை,
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
அறுபது காட்டியது.
கோணியை இறக்கிவிட்டு நின்றாள்.
ஐம்பது.

உள்ளே வந்த தோலுக்கும் வெளியே போன கட்டைக்கும்
தினமும் ஒரு வித்தியாசம் இருக்கும்.
அதற்கென்று நோட்டில் ஒரு கட்டம்:
'ஈரத்தில் போனது'.
அன்றைய எண்ணோடு பன்னிரண்டைக் கூட்டி எழுதினேன்.
ஈரமானியை யாரும் திரும்பச் செருகிப் பார்க்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை திரும்ப வந்தாள்.
கட்டை நின்று எரிகிறதாம், புகை கம்மியாம்,
ஆனால் தோல் மாதிரிப் பட்டென்று பற்றுவதில்லையாம்.
பற்றவைக்க மட்டும்
ஒரு கைப்பிடி தோல் கொடு என்கிறாள்.