மங்கு

பேர்தான் மங்கு.
மங்கு, மங்கு என்று எத்தனை தரம் சொன்னாலும் மங்காது.
இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்தது,
இரண்டு கன்னத்திலும்,
தேத்தண்ணி ஊத்துப்பட்ட மேசைத்துணி மாதிரி.

எனக்கு வேலையே கறை பார்ப்பது.
பீல் நகரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில்
கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு
மணிக்கூட்டு முகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
தூசியளவு புள்ளி என்றாலும் சிவப்புத் தட்டு.
ஒரு நாளைக்கு நானூறு முகம்.
வீட்டுக்கு வந்தால் கண்ணாடியில் நானூற்றியோராவது.
அதையும் சிவப்புத் தட்டில்தான் போட்டேன்.

மச்சாள் யசோதினி போனில் சொன்னாள்: தேசிக்காய்.
பாதியாக வெட்டி, சீனியில் தொட்டு, உரஞ்சு.
குளிர்காலம் முழுக்க உரஞ்சினேன்.
எரியுதடி என்றேன்.
எரிந்தால் வேலை செய்யுது என்றாள்.
எரிவதெல்லாம் வேலை செய்வதென்றால்
எங்கள் ஊரில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது.

ஜூனில் ஏரிக்கரையில் பிள்ளையின் பள்ளிக்கூட ஒன்றுகூடல்.
தேசிக்காய் பூசின முகத்தோடு
நான்கு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.
மேலே சூரியன் சுட்டது, கீழே ஏரி சுட்டது.
இரண்டு நாளில் கொப்புளம்.
கொப்புளம் காய்ந்த பிறகு பார்த்தால்
சாறு வழிந்த தடம் தாடை வரைக்கும் அப்படியே,
கோப்பி நிறத்தில்.
மங்குக்கு வால் முளைத்திருந்தது.

பிறகு அப்பச்சோடா.
சட்டி மினுங்குதே, முகம் மினுங்காதா என்ற நியாயம்.
தோல் உரிந்ததுதான் மிச்சம்.
பிறகு லோசானில் ஒரு கடை,
கல்லாப்பெட்டிக்குக் கீழேயிருந்து எடுத்துத் தந்த சிமிழ்.
பேர் இல்லை, ஊர் இல்லை, திகதி இல்லை.
அது மட்டும் உண்மையிலேயே வேலை செய்தது,
அதுதான் பயம் என்று அப்போது தெரியவில்லை.
ஆறு கிழமை நான் வெள்ளை டயல்.

பக்கத்து மேசை கொன்சேசாவ்
லூப்பைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினாள்.
எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான ஓட்டைப் பிரெஞ்சில்,
“பூச்சு நல்லாத்தான் இருக்கு.
ஆனால் உன்னை நான் பாஸ் பண்ண மாட்டேன்” என்றாள்.
அவளே டாக்டருக்கு நேரம் எடுத்தாள்.

டாக்டர் ஏபிஷர் சிமிழை மணந்து பார்க்கவில்லை.
பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினா,
பொலிஸ்காரர் தடயம் எடுப்பது போல.
பாதரசம் இருக்கலாம், அனுப்பிப் பார்ப்போம் என்றா.
பழைய காய்ச்சல்மானிக்குள் ஓடுமே, அதுவா?
அதேதான்.
பிறகு, மெதுவாக:
“பிள்ளைகளைக் கொஞ்சும்போது இது முகத்தில் இருந்ததா?”

எந்தப் பாஷையிலும் பதில் வரவில்லை.

சப்பாத்தைக் கழற்றுங்கள் என்றா.
நான் முகத்துக்கு வந்தனான் என்றேன்.
வந்தவரின் தோல் முழுவதையும் பார்ப்பேன் என்றா.

இடது குதிக்காலில் என் மச்சம்.
உள்ளங்காலில் மச்சம், இவள் கடல் கடப்பாள் என்று
தொட்டிலிலேயே சொல்லிவைத்தார்கள்.
கடந்தேன். அதோடு அதன் வேலை முடிந்தது என்று இருந்தேன்.
அது முடிக்கவில்லை.
கரை கிழித்து, ஒரு பக்கம் கறுத்து,
எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.
எப்போதிருந்து என்று கேட்டா.
நானூறு முகம் பார்க்கிறவள் குதிக்காலை எப்போது பார்ப்பாள்?

அவவிடமும் ஒரு லூப் இருந்தது, வெளிச்சம் பூட்டியது.
குனிந்தா. நிமிரவில்லை.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
நானும் சில டயலில் அப்படி நிற்பேன்,
எந்தத் தட்டு என்று கை தீர்மானிக்காமல்.

கொஞ்சம் வெட்டி எடுத்திருக்கிறா.
பத்து நாள் என்றா.
முகத்துக்கு ஒன்றும் பூசவேண்டாம்,
வெயில் க்ரீம், தொப்பி, அவ்வளவுதான்;
மாதக்கணக்காகும், முழுக்கப் போகாமலும் விடலாம் என்றா.

யசோதினி எடுத்தாள். ஏதும் பூசுறியா?
வெயிலுக்கு க்ரீம்.
அதால் என்ன மங்கும்?
தெரியாது, மச்சாள்.

இன்று ஒன்பதாம் நாள்.
இடது காலை முழுக்க ஊன்றாமல் நடக்கிறேன்.
கண்ணாடியைத் தாண்டும்போது மங்கு தெரிகிறது,
தெரியட்டும்.
மேசையில் போனை
முகம் மேலே வைத்திருக்கிறேன்.