பிழைத்திருத்தம்

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
செல்போன் கடைக்கு மேல்மாடியில்
சுற்றுச்சூழல் அறிக்கைக்குத் தமிழ்ச் சுருக்கம்.
கருங்கல் குவாரி, பதினோரு ஏக்கர்,
ஊர் கரடிகுட்டை, வேப்பனப்பள்ளி பக்கம்.
விடிந்தால் அச்சகம் போக வேண்டும்.
இரவு ஒரு மணிக்குமேல்
பாதியை நான் எழுதினேன்
மீதியைக் கணினி எழுதியது.

கருத்துக்கேட்பு நாள்.
பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா,
மூன்று ஜீப்புகள், பிஸ்கட் பொட்டலம்.
லகுமம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.
ஆனால் மைக்கில் படித்தாள்,
பதினான்காம் பக்கம்:

"இப்பாறையின் வேலைநிறுத்தம்
வடகிழக்கிலிருந்து தென்மேற்காக
இரண்டு கிலோமீட்டர் நீடிக்கிறது."

பந்தல் ஒரு நொடி யோசித்தது.
யாரோ தெலுங்கில் சொல்ல
யாரோ கன்னடத்தில் சொல்ல
சிரிப்பு மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றாக வந்தது.
"கல்லே ஸ்ட்ரைக் பண்ணுதாம் சார்,
கோரிக்கை என்னன்னு கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார்.
எழுந்தேன்.
அது நீள்திசை அம்மா,
மண்ணுக்குள் கல் எந்தப் பக்கம் நீண்டு போகிறதோ
அந்தத் திசை.

பக்கத்து குவாரியில் ஜாக்ஹாமர் பிடிக்கும் திம்மராஜ்
காதுப் பஞ்சை எடுக்காமலே சொன்னான்:
"ஓட்டம்னு எழுத வேண்டியதுதானே.
கல் ஓடுது, நாங்க பின்னாலயே போறோம்."

அடுத்த வரியில் பாறை
தென்கிழக்கே எழுபது பாகை முழுக்குப் போட்டிருந்தது.
நானே அப்போதுதான் பார்க்கிறேன்.
சாய்கோணம், என்றேன்.
"வாட்டம்," என்றான்.
மொட்டைமாடியில் மழைநீர் வடியக்
கொத்தனார் விடுகிற வாட்டம்.
பயிரிலும் முகத்திலும் வருகிற
அதே எழுத்துக்கள்.
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

லகுமம்மா பக்கம் புரட்டினாள்.
"மேற்சுமைன்னு போட்டிருக்கே, அது என்ன?"

அந்தச் சொல் என்னுடையது.
கணினி வேறென்னவோ தந்ததை அழித்து,
மூன்று அகராதி பார்த்து,
கொஞ்சம் பெருமையோடுகூட எழுதியது.
கல்லை எடுக்க
மேலே இருக்கிற மண்ணை அகற்ற வேண்டும் அம்மா,
அந்த மண்ணுக்குப் பெயர்.

"எவ்ளோ ஆழம்?"
இரண்டு மீட்டர்.
"நூத்தி எழுபத்தி மூணாம் நம்பர் வருதா?"
வருகிறது.
"அதுல ராகி நிக்குது."
நான் அறிக்கையைப் பார்த்தேன்,
அதில் ராகி இல்லை.

"சரி, போரு?"
அவள் மைக்கைக் கை மாற்றிக்கொண்டாள்.
"அறுநூறு அடி. ரெண்டு கடன்.
மண்ணைத் தாண்டிக் கல்லுக்குள்ள போகுது.
அது உங்க சுமையா, உங்க கல்லா?"

போர் ஓர் ஓட்டை.
ஓட்டையை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?
கன மீட்டரில் மண் இருந்தது,
கன மீட்டரில் கல் இருந்தது,
கழிவுக்கல்லுக்குத் தனி அட்டவணை இருந்தது.
திம்மராஜைப் பார்த்தேன். அவன்
பஞ்சைத் திருகி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"கேள்வி பதிவு செய்யப்பட்டது,"
என்றார் அதிகாரி. டீ வந்தது.

மறுநாள் பிழைத்திருத்தம் தட்டச்சு செய்தேன்.
வேலைநிறுத்தம் என்பதை நீள்திசை என்று வாசிக்கவும்.
முழுக்கு என்பதைச் சாய்கோணம் என்று வாசிக்கவும்.
உள்ளங்கையில் இருந்தவை
சாம்பாரோடு போய்விட்டன. இருந்தாலும்
மேனேஜர் விட்டிருக்க மாட்டார்.

பதினாறாம் பக்கத்தில் ஒன்று மிச்சம்.
பாறை முறிந்து நழுவிய கோடு உண்டா என்று
தேடியிருக்கிறார்கள், இல்லையாம்.
பிளவுப்பெயர்ச்சி என்று வந்திருக்க வேண்டும்.
வந்திருப்பது:
"இந்நிலத்தில் தவறு எதுவும் கண்டறியப்படவில்லை."

பந்தலில் யாரும் இந்தப் பக்கம்வரை வரவில்லை.
கர்சர் அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்று
விட்டுவிட்டுத் துடித்தது.
எழுதியது நானா, அதுவா,
நினைவில்லை.

அரைப் பக்கம்தான் வந்திருக்கிறது
என்று அறுபது ரூபாய் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.