இரண்டாம் கட்டுக் குடியரசு

பள்ளத்தூரில் கதவு எண் பதினேழு
போன சித்திரையிலிருந்து தனி நாடு.
பரப்பளவு: இரண்டாம் கட்டும் அதில் விழும் மழையும்.
மிச்ச வீடெல்லாம் முப்பத்தொன்பது பங்காளிகள்,
தேவகோட்டை கோர்ட்டில் வாய்தா வாங்கியபடி.

அதிபர் வயிரவன்
கைலியோடு வந்து எல்லையை அவிழ்ப்பார்.
எல்லை ஒரு நைலான் கொடிக்கயிறு.
அதில் காயும் துண்டுதான் தேசியக்கொடியா என்று
நான் கேட்டதில்லை.

ஐ.நா.வுக்கு மூன்று கடிதம்.
ஒன்று திரும்பியது, தபால்தலை போதாமல்.
ஈப்போவில் மகன் அங்கீகரிக்கவில்லை.
காரைக்குடியில் தங்கை வீட்டிலிருக்கும் மனைவி
பரிசீலிப்பதாகச் சொல்லியனுப்பினாராம்.

நான் கரண்டு ஆபீஸ்.
இரண்டு மாதத்துக்கொருமுறை வரும்
ஒரே வெளிநாட்டுக்காரன்.
மீட்டர் அட்டையில் முத்திரை குத்துவார்: வருகை.
ரீடிங் எடுத்து நிமிர்வதற்குள்: புறப்பாடு.

நேற்று, பில் கட்டவில்லையென்று
ஃப்யூஸில் கை வைத்தேன்.
"இது போர்ப் பிரகடனம், தெரியும்ல?"
அதட்டலில்லை. கையில் ரசக் கரண்டி.
உள்ளே குக்கர் மூன்றாவது விசிலுக்கு
மூச்சு கூட்டிக்கொண்டிருந்தது.

கையை எடுத்தேன்.
நோட்டில் குறித்தேன்: வீடு பூட்டியிருந்தது.

தலைகீழாகவே படித்துவிட்டார்.
முகம் சுருங்கிப்போயிற்று.
"திறந்துதானேய்யா இருக்கு?"