ஏழாம் நம்பர் புட்டி

கெடிலக் கரையில் பதினெட்டு மீட்டர் துளை போட்டு
லூர்துநாதன் உருவிக் கொடுத்த களிமண் இது.
சாம்பல் நிறம், ஓரத்தில் பாசிப்பச்சை.
கத்தி வைத்தால் சோப்புக்கட்டி போல விலகும்.
"இதுல என்னம்மா தேடுவீங்க?"
"உள்ள குடியிருக்கிறவங்கள."
பதினெட்டு மீட்டருக்குக் கீழேயும் வாடகையா என்று
சிரித்தபடி குழாயைத் தட்டிக் காலிசெய்தார்.

காலாப்பட்டில் பன்னிரண்டு புட்டிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிக் களிமண்,
அதே துளையின் ஊற்றுநீர்,
ஊசியால் செலுத்திய சொட்டு யுரேனியம்.
வெளிறிய எலுமிச்சை மஞ்சள்.
பதினோராவதில் மட்டும் களிமண் இல்லை,
நுண்ணுயிர்கள் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

கரைந்திருக்கும்வரை யுரேனியம் நாடோடி.
தண்ணீர் கூப்பிட்ட பக்கமெல்லாம் போகும்.
வாய்க்கால், கிணறு, யார் வீட்டுக் குடம்
என்று விசாரிக்காது.

காற்றை விரட்டி நைட்ரஜன் நிரப்பி
ரப்பர் மூடிமேல் அலுமினிய வளையத்தை நெரித்தேன்.
எனக்கு அது மரணம்.
அவற்றுக்கு அன்றாடம்.
முதலில் நைட்ரேட்டைச் சுவாசித்தன.
அது தீர்ந்தபின் இரும்புத் துருவை.
துரு கைக்கெட்டாத மூலையில்
யுரேனியத்தின் மேல்
இரண்டு எலக்ட்ரானைத் துப்பிவிட்டு
வேறு வேலை பார்க்கப் போயின.

நாற்பத்தோராம் நாள்
மஞ்சள் எங்கே என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
களிமண்ணின் மேல் மிளகளவு கருப்பு.
கரையாது. நகராது.
பேராசிரியர் மதுரவல்லிக்குப் போன் செய்தபோது
என் குரல் கொஞ்சம் கத்திவிட்டது.

"சந்தோஷப்படு. நன்றி மட்டும் சொல்லிடாதே" என்றார்.
களிமண்ணின் தகடுகளுக்குள்ளும் இரும்பு இருக்கிறதாம்.
அதையும் இவை மூச்சாக்கிக்கொண்டால்
நனைந்து உப்பி
விரிசலை அடைக்க வேண்டிய மண்
காலப்போக்கில் உப்ப மறந்துவிடுமாம்.
பூட்டுகிற கை தாழ்ப்பாளையும் கழற்றுமா?
"அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்."

பிறகு புயல்.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
கிழக்குக் கடற்கரைச் சாலையெங்கும் சவுக்கு விழுந்து
நான்காம் நாள்தான் கூடத்துக்குள் நுழைய முடிந்தது.
ஜன்னல் தெறித்து, அலமாரி சாய்ந்து,
தரையெல்லாம் உப்புத்தண்ணீர்.
பத்துப் புட்டிகள் எப்படியோ தப்பியிருந்தன.
ஏழுக்கும் பதினொன்றுக்கும் கழுத்தில் கீறல்.

பதினொன்றில் திரும்பவும் எலுமிச்சை மஞ்சள்.
நாற்பத்தோரு நாள் உழைப்பை
காற்று மூன்றே நாளில் அவிழ்த்துவிட்டிருந்தது.
ஏழாவதை எடுக்கக் கை வரவில்லை.
பெருக்க வந்த ஞானப்பூதான் குனிந்து பார்த்து,
"மேலதான் மஞ்சக் கோடு. கீழ கருப்பு அப்படியே கெடக்கு" என்றாள்.

கோடு, நகத்தின் விளிம்பளவு.
உள்ளே வந்த ஆக்சிஜனுக்கு முன்னால்
களிமண்ணின் இரும்புதான் முதலில் போய் நின்றிருக்கிறது.
தான் துருவேறி, ஆக்சிஜனைத் தீர்த்து,
பின்னால் இருந்த கருப்பை மறைத்திருக்கிறது.
எந்த இரும்பு?
அந்த நுண்ணுயிர்கள் வாய் வைத்த அதே இரும்பு.
தாழ்ப்பாளைக் கழற்றும் என்று பயந்தோமே, அது.

நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன்.
கடைசியில் எழுதியது:
ஒரே புட்டி. போதாது. மறுபடி செய்ய வேண்டும்.

எங்கள் கணக்கில் கடைசி வரிசை
ஒரு லட்சம் வருஷத்தில் முடிகிறது.
அந்த வரிசைக்குப் பக்கத்தில் இப்போது
ஒரு பென்சில் கேள்விக்குறி.

லூர்துநாதனைக் கூப்பிட்டேன்.
அதே துளை, அதே ஆழம், இன்னும் ஆறு குழாய் மண்.
"துளை போட்ட எடத்துல கழுத்தளவு ஓடுதும்மா கெடிலம்.
தண்ணி வடியணும்."
எத்தனை நாளாகும் என்றேன்.
நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.
"நாளா? அத யாரு சொல்ல முடியும்?"