ஏழாம் குழி

மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
உள்ளே எடைக்கற்கள்,
ஐம்பது கிராமில் தொடங்கி இருபது கிலோ வரை.
"மலைக்கு எதுக்குவே கல்லைச் சுமக்கீரு?" என்றார் காவலர்.
தராசு பார்க்கப் போகிறவன் என்றேன்.

நெடும்பாறை எஸ்டேட்டில்
கொழுந்து நிறுக்கும் தராசுகள் இரண்டு.
ஒன்று யோக்கியம்.
மற்றது மூட்டைக்கு எழுநூறு கிராமைத் தின்றுகொண்டிருந்தது.
ஸ்பிரிங் தளர்வு என்று எழுதினேன்.
எத்தனை மாதமாக என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.
தகரக் கூரையடியில் ஒரு பெண் நின்று
முள் பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை
பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பேருந்து மூன்றரைக்குத்தான்.
நாலாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார்,
வாரும் என்றார் மேனேஜர் பெல்லியப்பா.
தூத்துக்குடியில் துறைமுக வேலை பார்த்த நாளில்
வெறும் மணலில் பந்தடித்த கை எனக்கு.
யாருடையதோ ஆறு கிளப், இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ்.

வெள்ளைக்காரன் வெட்டிய ஒன்பது குழிகள்.
இப்போது புல்லைப் பாதி மிஷின் வெட்டுகிறது,
மீதியை மிளா.
காட்டெருமைச் சாணியில் விழுந்த பந்தை
எடுத்து ஒரு கிளப் நீளம் தள்ளி வைக்கலாம்
என்று தகரப் பலகையில் விதி.
அட்டைப்பூச்சிக்கு விதி இல்லை,
மூக்குப்பொடிதான்.

பை தூக்க வந்தவள் காலையில் பார்த்த பெண்.
தங்கபுஷ்பம்.
இந்த வேலைக்குக் கேடி என்று பெயர்;
நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆட்கள்.

என் தொழிலுக்கு முதலில் சமதரை வேண்டும்,
குமிழி நடுவில் நிற்க வேண்டும்.
இங்கே ஒரு முழம் சமதரை இல்லை.
நேராக அடித்த பந்து ஓடையைத் தேடிப் போகிறது;
தப்பாக அடித்தது
பாறையில் பட்டு டாக்டர் ஆல்வினின் காலடிக்கு வருகிறது.
"சரிவைப் பாக்காதிய, தண்ணி எங்க போவும்னு பாருங்க"
என்றாள் மூன்றாம் குழியில்.
அதற்குள் நான் இரண்டு பந்து தொலைத்திருந்தேன்.

நாலாம் மேட்டிலிருந்து
அணை தெரிந்தது,
யாரோ கழுவிக் கவிழ்க்க மறந்த தட்டு மாதிரி.
அதற்கப்பால் வயல், அதற்கப்பால் வெயில்.
ஸ்டோர் கீப்பர் சங்கரவேலாயுதம் அதைப் பார்க்கவே இல்லை.
நூற்றுப்பத்து ரூபாய் பந்தயம் கட்டியிருந்தார்.

ஏழாம் குழி, நூற்று நாற்பது கஜம், இறக்கம்.
கிளப்பை ஓங்கும்போது மேகம் வந்தது,
மேலிருந்து அல்ல, கீழிருந்து.
கொடி போயிற்று.
அவள் முன்னாலேயே இறங்கிப் போயிருந்தாள்.
அடித்தேன்.
சத்தம் மட்டும் சுத்தமாக இருந்தது.
பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கருமந்தி கூவிற்று.

பிறகு அவள் குரல்:
"குழிக்குள்ள கெடக்கு சார்!"

பெல்லியப்பா குனிந்து எடுத்தார்.
ஒரே அடி. என் பந்துதான், நீல எண் மூன்று.
"யார் பார்த்தது?"
"நான் பாத்தேன்."
"பனியிலா?"
"நான் பனிக்கு உள்ளல்லா நின்னேன்."

டாக்டர் கைதட்டினார்.
சங்கரவேலாயுதம் பணத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.
பாதியை அவளிடம் நீட்டினேன்.
"கூலி தந்துட்டாவ" என்று
அடுத்த கிளப்பை உருவித் தந்தாள்.
அட்டையில் சாட்சிக் கையெழுத்து இடத்தில்
அவள் பெயரை முழுதாக எழுதினேன்.
மேனேஜர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எட்டாம் குழியில் ஒன்பது அடி அடித்தேன்.

பேருந்தில் பந்தை எடுத்துப் பார்த்தால்
ஒரு பக்கத்தில் கறுப்பாகப் பெருவிரல் ரேகை.
கொழுந்துக் கறை சோப்புக்கு மசியாது.
ஆறாம் குழியில் துடைத்துத் தந்தபோது
பட்டதாகவும் இருக்கலாம்.
பையில் எல்லாக் கல்லும் இருந்தது.
நான் எதையும் வெளியே எடுக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கி
வீட்டுக்குக் கால் கிலோ அப்பளம் வாங்கினேன்.
கடைக்காரர் சில்லறை நீட்டினார்.
முள் நிற்கட்டும் என்றேன்.