நான்காம் விற்பனை

பதினோரு ஆண்டுக்கு முன் எழுதியது:
குளிர்காலத்துக்கு ஆப்பிள் சேமிப்பது எப்படி.
உழவர் வார இதழ் முந்நூறு ஸ்லாட்டி கொடுத்தது.
பிறகு நிலவறையைப் பால்கனியாக்கினேன்,
வார்சா அடுக்ககவாசிகளுக்கு இன்னொரு முறை விற்றது.
பன்னிரண்டாய் நறுக்கியதை நாட்காட்டிக்காரர் வாங்கினார்;
மார்ச்சுக்கு எதுவும் மிஞ்சாமல்
அழுகியதை எடுத்துவிடவும் என்று போட்டேன்.

இன்று பழச்சாறு நிறுவனத்து யாகோடா கேட்கிறாள்:
எண்ணூறு சொல், வெள்ளிக்குள்,
கொஞ்சம் குடும்ப வாசனையோடு.
எரிவாயு பில் மேசையில் கிடக்கிறது.
தலைப்பை மாற்றுகிறேன்.
கடைசிப் பத்தியை மேலே ஏற்றுகிறேன்.
நடுவில் அந்த வாக்கியம்:
“என் கணவர் ஒவ்வொரு பழத்தையும்
செய்தித்தாளில் சுற்றுகிறார், முதலில் படித்துவிட்டு.”

லெஷெக் போய் ஆறு குளிர்காலம்.
இரண்டு முறை விற்றும்
அதை இறந்த காலத்துக்கு மாற்றவில்லை.
சொல்லுக்குத்தான் காசு.
அதில் அவர் எட்டுச் சொல்.